கீறிட்ட இடத்தில் ஹலீல் உஸ்தா

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு ஒரு ஆள் கேட்டா, மரியாதை தெரிஞ்ச மனிசன் என்ன சொல்லுவான்?"

ஹலீல் உஸ்தா இந்தக் கேள்வியைக் கேட்டபோது என் கையில் நீராவி கக்கிக்கொண்டிருந்த இஸ்திரிப்பெட்டி. அதற்குக் கீழே ஒரு பெண்கள் கோட்டின் இடது கை. மதியச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டதால், கட்டடங்களுக்கு அப்பால் லா சப்பல் பாலத்தில் மெத்ரோ ரயில் ஊர்ந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேண்டாம் எண்டு சொல்லுவான்," என்றேன்.

"சரி. பிறகு?"

"திருப்பிக் கேட்பினம். திருப்பியும் வேண்டாம் எண்டுவான்."

"பிறகு?"

"மூண்டாந்தரம் கேட்டா, சரி, உங்கடை மனம் நோகக் கூடாது, அரைக் கோப்பை தாங்கோ எண்டு முழுக் கோப்பையையும் குடிப்பான்."

உஸ்தா கையிலிருந்த புத்தகத்தால் மேசையில் ஓங்கி அடித்தார். வெட்டுத் துணியும் நூலும் பறந்தன. "துருக்கியிலையும் அப்பிடித்தான். நீ நல்ல குடும்பத்துப் பிள்ளை."

இப்படித்தான் பாரிஸ் நகரத்தில், ஒரு துருக்கியருக்கு, ஒரு யாழ்ப்பாணத்தான் இங்கிலிஷ் படிப்பிக்கத் தொடங்கினான். எங்கள் இருவரில் ஒருவருக்காவது இங்கிலிஷ் தெரிந்திருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு எதுவும் இருந்திராது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உஸ்தாவும் நானும் பேசிக்கொண்டது பிரெஞ்சு. அவருடைய பிரெஞ்சுக்குக் கால் இல்லை, என்னுடையதற்குக் கை இல்லை. அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் விளங்காது, பிரெஞ்சுக்காரருக்கும் விளங்காது. ஆகவே எங்கடை தமிழிலேயே தருகிறேன். துருக்கியின் கைசெரியில் பிறந்த மனிதர் யாழ்ப்பாணத்துக் கைதடியில் பிறந்தவர் மாதிரிக் கதைக்கிறாரே என்று தயவுசெய்து கடிதம் போட வேண்டாம். போன முறை வந்த கடிதங்களே போதும்.

விடைப்பக்கம்

எண்பதுகளின் நடுப்பகுதி. லா சப்பலில் நம்மவர் கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு முற்றத்தின் பின்பக்கம், குப்பை வாளிகளைத் தாண்டிப் போனால் ஹலீல் உஸ்தாவின் தையல் பட்டறை. உஸ்தா என்றால் துருக்கியில் மேஸ்திரி, தொழில் தெரிந்தவர். முதலாளியும் அவர்தான், துணி வெட்டுபவரும் அவர்தான். தைப்பதற்கு நாலு துருக்கியர். இஸ்திரி போட்டு மினுக்குகிற வேலை எனக்கு. கோட்டுகளுக்குத் தெறி தைக்கிற வேலை மரியதாஸ் அண்ணைக்கு. பொத்தானுக்கு நாங்கள் தெறி என்று சொல்லுவோம்.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர். எனக்கு முன்பே பாரிஸ் வந்தவர். ஒரே அறையில்தான் இருந்தோம். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார், என்னைத் திட்டுவதையும் தவறவிட மாட்டார். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். லா சப்பலில் பல பேர் கையில் காசு வாங்கிக்கொண்டு பேர் ஊர் இல்லாமல் வேலை செய்த காலம் அது. உஸ்தாவோ மாத முடிவில் ஒழுங்காகச் சம்பளச் சீட்டுத் தருவார். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் புறநகரான சார்செலில் ஒரு வீடாவது கேட்கலாம். ஆகவே உஸ்தா துருக்கி மொழியில் பாட்டுப் பாடச் சொன்னாலும் பாடியிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குத் துணி கொடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரி கையை விரித்துவிட்டார். ரெண்டு மெஷின்களுக்குப் போர்வை போர்த்தியாயிற்று. அப்போதுதான் நூல் விற்கிறவர் மூலமாக ஒரு செய்தி வந்தது. லண்டனில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி உயிர்த்த ஞாயிறு கழிய பாரிஸ் வருகிறார், கோட்டுத் தைக்க ஆள் தேடுகிறார்.

"அவ ஓடர் தந்தா இருப்பம்," என்றார் உஸ்தா. "தராட்டிப் பட்டறையைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டு ஜெர்மனிக்குப் போறன். மச்சான்ரை கடையிலை வெங்காயம் உரிக்க ஆள் வேணுமாம்."

மொழிபெயர்க்க ஆள் பிடிக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் மூன்று தங்கப் பற்கள் தெரிந்தன. முன்னொரு தடவை ஒரு இத்தாலியர் வந்தபோது, சொந்த ஊர்க்காரர் ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிவந்திருக்கிறார். அவர் இத்தாலியரோடு வெகுநேரம் சிரித்துச் சிரித்துக் கதைத்தாராம். ஓடர் அந்த ஊர்க்காரருடைய மைத்துனரின் பட்டறைக்குப் போய்விட்டது. "இனி என்ரை வாயாலைதான் கதைப்பன்," என்றார்.

வாய் இருந்தது. அதற்குள் போட இங்கிலிஷ்தான் இல்லை. கைசெரியில் வாத்தியாராக இருந்த தம்பிக்கு எழுதினார். தம்பி அனுப்பிவைத்த புத்தகம்தான் மேலே நூலைப் பறக்க வைத்தது. துருக்கிப் பிள்ளைகள் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கிற பயிற்சிப் புத்தகம். முதல் பாதியில் சம்பாஷணைகள். ஒருவர் ஒன்று சொல்லுவார், மற்றவர் சொல்லுகிற இடத்தில் கீறு. கீழே ஐந்து விடைகள். பொருத்தமானதைத் தெரிய வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு வாக்கியம், கீழே ஐந்து வாக்கியங்கள். கருத்தில் நெருங்கியது எது என்று சொல்ல வேண்டும்.

வாத்தியார்த் தம்பி ஒரு வேலை செய்திருந்தார். அண்ணன் களவாகப் பார்த்துவிடக் கூடாது என்று விடைப்பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்பியிருந்தார்.

அந்த விடைப்பக்கங்களின் இடத்துக்குத்தான் நான் நியமிக்கப்பட்டேன்.

குடையின் சுயசரிதை

என் இங்கிலிஷைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்தவர்கள் 'ஒரு பழைய குடையின் சுயசரிதை' என்று கட்டுரை எழுதப் பழக்கினார்கள். அதை நான் இன்றைக்கும் நித்திரையில் சொல்லுவேன். நான் ஒரு குடை, என் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, என் எசமானர் என்னைப் பேருந்தில் மறந்துவிட்டார். குடை பேசுகிற இங்கிலிஷ் எனக்கு அத்துப்படி. குடை வாங்குகிற இங்கிலிஷ்தான் வராது.

இது உஸ்தாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அவர் என்னிடம் இங்கிலிஷ் கேட்கவில்லை. சொற்களுக்கெல்லாம் துருக்கியில் கருத்துப் போட்டிருந்தது. ஐந்தில் எது சரி என்பதுதான் கேள்வி. அதற்கு இங்கிலிஷ் எதற்கு, நல்ல பழக்கவழக்கம் போதும் என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

எங்கள் அழிவு அங்கேதான் ஆரம்பித்தது.

புத்தகத்தில் ஒருவர் மற்றவரின் சமையலைப் புகழுவார். கீறு. விடைகளில் ஒன்று: 'நன்றி, உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி.' இன்னொன்று: 'இல்லை, இன்று அவ்வளவு நன்றாக வரவில்லை.'

"முதலாவது சொல்லுறவனுக்கு வெக்கம் இல்லை," என்றார் உஸ்தா.

"தன்னைத் தானே புகழுறான்," என்றேன் நான்.

இரண்டாவதற்கு வட்டம் போட்டோம்.

ஒருவர் மற்றவரைத் தன் காரில் ஏறச் சொல்லுவார். 'நன்றி, மிகவும் உதவியாக இருக்கும்' என்று ஒரு விடை. 'வேண்டாம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம்' என்று ஒன்று. வட்டம் எங்கே விழுந்தது என்று நீங்களே சொல்லுவீர்கள். உஸ்தா எல்லாவற்றையும் உரத்துச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார். சரியான விடையை மட்டுமல்ல, ஐந்தையும் பாடமாக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "எது எப்ப உதவும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

கேக் பெட்டி

இந்த இடத்தில் மரியதாஸ் அண்ணை குறுக்கிட்டதைப் பதிவுசெய்யாவிட்டால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

"டேய், உனக்கு அந்தக் கேக் நினைவில்லையோ?" என்றார், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே.

நினைவிருந்தது. பாரிஸ் வந்த புதிதில், எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, கேக் பெட்டியைத் திறந்து நீட்டினார். ஆப்பிள் கேக். கறுவா வாசம் படிக்கட்டு முழுக்க. முதல் நாள் பின்னேரத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. முறைப்படி "நோன் மெர்சி", வேண்டாம் நன்றி, என்று சொல்லி, தலையைக் கொஞ்சம் சரித்து, இரண்டாவது தடவைக்குக் காத்து நின்றேன். அவர் பெட்டியை மூடினார். நான் நின்றேன். அவர் கதவையும் மூடினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

"அது பிரெஞ்சுக்காரர் அண்ணை," என்றேன். "இவை உபசாரம் தெரியாத சனம். இங்கிலிஷ்காரர் அப்பிடி இல்லை. எங்கடை அப்பப்பா காலத்திலை இருந்து எங்களோடை பழகினவை. நூற்றைம்பது வருசம் எங்களை ஆண்டவைக்கு இந்த முறையள் தெரியாதே?"

மரியதாஸ் அண்ணை ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"உன்ரை நாட்டையே ஒருதரமும் கேக்காமல் எடுத்தவங்கள். உன்னட்டை மூண்டுதரம் கேப்பாங்களோ?"

அவருக்குப் படிப்பு இல்லை என்று முடிவுசெய்து பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஆறாவது விடை

இரண்டாம் பாதிக்கு வந்தோம். கருத்தில் நெருங்கிய வாக்கியம். இங்கே நாங்கள் இருவரும் நிபுணர்கள்.

'உங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்படும்.' உஸ்தா ஐந்தையும் வாசித்தார். தலையை ஆட்டினார். "இதிலை விடை இல்லை."

உண்மைதான். அவரும் நானும் வதிவிட அனுமதிக்காகப் பொபினிப் பிரிபெக்சர் வாசலில் விடியற்காலையில் வரிசை நின்றவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் உங்களுக்கு எழுதுவோம் என்று சொன்னால் அதற்கு என்ன கருத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. உஸ்தா பென்சிலை நாக்கில் தொட்டு, ஐந்துக்குக் கீழே ஆறாவதாக ஒன்று துருக்கியில் எழுதினார்: 'இந்தப் பக்கம் இனி வராதே.' அதற்கு வட்டம் போட்டோம்.

அதன்பிறகு ஆறாவது விடை ஒரு பழக்கமாகிவிட்டது. 'அவர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்.' ஆறாவது: 'அவர் இன்னும் வீட்டிலிருந்து வெளிக்கிடவில்லை.' 'நீங்கள் இங்கே புகைக்காமல் இருந்தால் நல்லது.' ஆறாவது: 'ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்ப் பற்ற வை.' தைக்கிற நாலு பேரும் சாப்பாட்டை மறந்து மேசையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு விடை சொன்னார்கள். அந்த மேசையில் அவ்வளவு சிரிப்புக் கேட்டு மாதக் கணக்காகியிருந்தது. போர்வை போர்த்திய மெஷின்கள் ரெண்டும் மூலையில் இருந்ததால் எல்லோரும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தோம்.

லண்டன் அம்மா

அவர் வந்த அன்று மழை. ஒல்லியான, உயரமான பெண்மணி. நரைத்த தலை, பெரிய தோல் பை. உஸ்தா கல்யாணக் கோட்டுப் போட்டிருந்தார். அதன் தெறியை மரியதாஸ் அண்ணை அன்று காலையில்தான் ஒரு விரற்கடை தள்ளித் தைத்துக் கொடுத்திருந்தார்.

எனக்குக் கட்டளை தெளிவாக இருந்தது. "நீ மினுக்கு. வாயைத் திறக்காதே. புத்தகத்திலை ரெண்டு பேர்தான் கதைக்கினம். மூண்டாவது ஆள் இல்லை."

நானும் மினுக்கினேன். ஏற்கெனவே மினுக்கிய கோட்டைத்தான் மினுக்கினேன்.

"பயங்கர மழை," என்றார் லண்டன் அம்மா.

உஸ்தாவின் நெற்றி சுருங்கியது. புத்தகத்தில் மழை வருகிற சம்பாஷணை ஒன்று இருந்தது. ஐந்து விடைகளில் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துவிட்டார். "அப்படியானால் விடுதியில் இடம் கிடைத்திருக்காது," என்றார் இங்கிலிஷில்.

"உண்மையில் கிடைக்கவில்லை," என்றார் லண்டன் அம்மா ஆச்சரியத்தோடு. "வேறு இடம் தேட வேண்டியதாயிற்று."

மரியதாஸ் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். என் மாணவன் அல்லவா.

தேநீர் வந்தது. துருக்கியர் குடிக்கிற, இடுப்பொடுங்கிய கண்ணாடிக் குவளை. லண்டன் அம்மா வேண்டாம் என்றார். உஸ்தா இரண்டாம் தரம் கேட்டார். வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் கேட்டார். "நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்," என்றார் அவர். உஸ்தா மகிழ்ச்சியோடு குவளையை அவர் கையில் வைத்தார். வைக்க இடமில்லாமல் எங்கும் துணி. சூட்டைத் தாங்க முடியாமல் கை மாற்றி மாற்றிப் பிடித்து, கடைசியில் அவர் குடித்துத் தீர்த்தார்.

பிறகு கோட்டைக் கையில் எடுத்தார். உட்புறத்தைப் புரட்டினார். தையலை விரல் நுனியால் தடவினார். "மிக நல்ல வேலை."

உஸ்தா கையை நெஞ்சில் வைத்தார். "இல்லை, இல்லை. இன்று அவ்வளவு நன்றாக வரவில்லை."

லண்டன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்தக் கோட்டில் முன்னூறு வேண்டும்," என்றார். "ஜூலை முடிவுக்குள். நீங்கள் செய்வீர்களா?"

நாலு மெஷின்காரரும் மூச்சை நிறுத்தினார்கள். இங்கிலிஷ் விளங்காவிட்டாலும் இந்த இடம் விளங்கும்.

உஸ்தா கண்ணைத் தாழ்த்தினார். முகத்தில் அப்படியொரு பணிவு. "வேண்டாம்," என்றார். "உங்களுக்கு ஏன் வீண் சிரமம்."

"உங்களுக்கு இந்த ஓடர் வேண்டாமா?"

"வேண்டாம், நன்றி."

லண்டன் அம்மா கோட்டை மடித்து மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பையை மூடினார். அந்தப் பித்தளைக் கொளுக்கி மாட்டுப்பட்ட சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. உஸ்தா மட்டும் அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு, மூன்றாவது தடவைக்காகக் காத்து நின்றார். அவர் நின்ற மாதிரியை நான் அறிவேன். நான் ஒரு படிக்கட்டில் அப்படியே நின்றிருக்கிறேன்.

அவர் கதவுக்குப் போய்விட்டார்.

"மேடம்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். உஸ்தாவின் பார்வை என்னை இரண்டு துண்டாக வெட்டித் தைத்தது. எனக்கு வாயில் வந்ததெல்லாம் குடையும் அதன் துருப்பிடித்த கம்பியும்தான். அதைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்து எப்படியோ ஒரு வாக்கியத்தை இழுத்தேன்.

"தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள். அவர் மூன்றாம் தடவைதான் ஓம் சொல்லுவார்."

"மன்னிக்கவும்?"

"முதல் இரண்டும் மரியாதை, மேடம். மூன்றாவதுதான் விடை."

அவர் என்னைப் பார்த்தார். உஸ்தாவைப் பார்த்தார். தன் கையில் சூட்டால் சிவந்திருந்த விரல்களைப் பார்த்தார். ஏதோ கணக்கு அவருக்குச் சரிவந்தது போலிருந்தது. திரும்பி வந்து, பையை மேசையில் வைத்து, நீதிமன்றத்தில் கேட்பது போல நிமிர்ந்து நின்று கேட்டார்.

"முன்னூறு கோட்டு. ஜூலை முடிவு. உங்களுக்கு வேண்டுமா?"

"உங்கள் மனம் நோகக் கூடாது," என்றார் உஸ்தா. "சரி."

நாலு மெஷின்காரரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மரியதாஸ் அண்ணை சிலுவை அடையாளம் போட்டார். விலை பேசியதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு உஸ்தாவுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை, விரல்களாலேயே முடித்தார். முடித்துவிட்டுக் கையை நீட்டினார். "ஆகவே ஜூலை முடிவு."

இங்கேதான் நான் இங்கிலிஷ்காரரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். லண்டன் அம்மா கையை நெஞ்சில் வைத்தார். கண்ணைத் தாழ்த்தினார்.

"வேண்டாம்," என்றார்.

உஸ்தாவின் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தேன்.

"ஜூலை நடுப்பகுதி?" என்றார் உஸ்தா.

"உங்களுக்கு ஏன் வீண் சிரமம்," என்றார் லண்டன் அம்மா. அச்சொட்டாக உஸ்தாவின் தலைச் சரிவோடு.

உஸ்தாவின் நெற்றியில் வியர்வை. "ஜூன் முடிவு," என்றார்.

"உங்கள் மனம் நோகக் கூடாது," என்று லண்டன் அம்மா கையைக் குலுக்கினார்.

அவர் போனபிறகு உஸ்தா மூலைக்குப் போய், போர்வைகளை இழுத்து எடுத்தார். தூசி தட்டினார். ரெண்டு மெஷினுக்கும் எண்ணெய் விட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கெட்டிக்காரி," என்றார். "நீ எனக்கு ரெண்டு மாசமாச் சொல்லித்தந்ததை அவ ஒரு நிமிசத்திலை படிச்சிட்டா."

ஞாயிற்றுக்கிழமைகள்

ஜூலை முடிவுக்கென்றால் ஆறுதலாகத் தைத்திருக்கலாம். ஜூன் முடிவுக்கு என்றானபோது ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பட்டறைக்குப் போய்விட்டன. வெளியே நல்ல வெயில். சனங்கள் சென் தெனிச் சந்தைக்குப் போய் மரக்கறிப் பைகளோடு வருவார்கள். முற்றத்துப் பூனை குப்பை வாளி மூடியில் படுத்திருக்கும். உள்ளே நாங்கள் நீராவியில் வெந்துகொண்டிருப்போம். நாலு துருக்கியரும் என்னைக் கடந்து போகும்போது ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்குக் கருத்தில் நெருங்கியது எது என்று நான் கேட்கவில்லை.

கூடுதலாக நொந்துபோனவர் மரியதாஸ் அண்ணைதான். ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிறு, கோயில் பக்கம் போக முடியாமல், மடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் தெறிகள் ஒரு சட்டி நிறைய. பூசை தொடங்குகிற நேரம் வந்ததும் என்னைப் பார்த்தார்.

"அவ பாவம், நல்ல மனிசி. ஜூலை முடிவு எண்டுதான் முதலிலை கேட்டவ," என்றார். "இந்த மனிசன் அப்பவே ஓம் எண்டிருந்தா, நான் இப்ப பூசையிலை இருப்பன்."

"உண்மைதான் அண்ணை," என்றேன். "நான் வாயைத் திறக்காமல் விட்டிருந்தா, நீங்கள் ஒவ்வொரு நாளும் பூசைக்குப் போகலாம்."

அவர் கை நின்றது. சுற்றிப் பார்த்தார். நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. உஸ்தா அடுத்த துணிக் கட்டை விரித்துச் சோக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மரியதாஸ் அண்ணை ஊசியின் கண்ணை வெளிச்சத்துக்குப் பிடித்து, நூலைக் கோத்தார்.

"தெறிச் சட்டியை இஞ்சாலை தள்ளு," என்றார்.